கை நனைப்பதற்கு முன்

மாதக் கூட்டத்தை இனி நீங்கள் நடத்தப் போகிறீர்கள். மைக் செட்டுக்கு யாரிடம் சொல்வது, பேனரில் யார் பெயரைச் சின்னதாகப் போட்டால் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், கூடத்துச் சாவி எந்த வீட்டு ஆணியில் தொங்கும் என்பதெல்லாம் போகப் போக உங்களுக்கே பிடிபட்டுவிடும். அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்ல வந்தது வேறு. கூட்டம் நடத்துகிறவருக்கு மூளை வேலை செய்தே தீர வேண்டிய நேரம் மேடையில் வராது. பந்தியில் வரும்.

சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

என்னை எல்லாரும் டீச்சர் என்று கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்ததில்லை. கள்ளக்குறிச்சியில் இந்தக் கலை வகுப்புகளை நடத்தும் நம் சின்ன அமைப்பில் சேர்ந்து, இலக்கியத்தில் உணவு என்று ஊர் ஊராகப் பேசியே என் உத்தியோகக் காலம் போயிற்று. என்னோடு மேடையைப் பங்கு போட்டுக்கொண்டவருக்கு டைரக்டர் என்று பெயர். சென்னையில் உதவி இயக்குநராகப் பல வருடம் அலைந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு படமும் எடுத்ததில்லை. பள்ளிக்கூடம் பார்க்காத டீச்சரும் படம் எடுக்காத டைரக்டரும் சேர்ந்து என்னத்தைச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேலி பேசியவர்கள் உண்டு. பேசட்டும் என்று விட்டுவிட்டோம்.

நான் சோற்றைப் பற்றிப் பேசுவேன். யார் பரிமாறுகிறார்கள், யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள், யார் பாதியில் எழுந்து போகிறார்கள் என்று பாருங்கள், அந்த வீட்டுக் கதை முழுக்கத் தெரிந்துவிடும் என்பேன். டைரக்டர் திரைக்கதை அமைப்பைப் பற்றிப் பேசுவார். அவர் பாடம் இரண்டே வாக்கியம். "ஒரு சீன்ல யாரு முடிவெடுக்கறாங்களோ அவங்களுதுதான் அந்த சீன். மத்தவங்க எல்லாம் சும்மா நிக்கறவங்க." இதைப் புரியவைக்க அவருக்கு இரண்டு நாள் வேண்டும்.

ஆரம்பத்தில் ஒரு கூட்டம். கள்ளக்குறிச்சியில், ஒரு கல்யாண மண்டபத்து மாடியில். பழைய பாட்டுகளில் வரும் விருந்தைப் பற்றி என் பேச்சு. மதியச் சாப்பாட்டுக்கு உளுந்தூர்பேட்டையில் சொல்லியிருந்தோம். சாப்பாடு ஏற்றிய வண்டி ஹைவேயில் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. நேரத்தை ஓட்ட வேண்டுமே என்று நான் நெய்யையும் கறியையும் கள்ளையும் நீட்டி நீட்டிப் பேசினேன். முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்றார். கேள்வி கேட்கப் போகிறார் என்று மைக்கைக் கொடுத்தோம்.

"டீச்சர், பாட்டுல போட்டதெல்லாம் போதும். எலையில எப்ப போடுவீங்க?"

அன்றைக்குச் சபதம் போட்டேன். இனி எந்தக் கூட்டமானாலும் முதலில் சாப்பாடு, அப்புறம்தான் பேச்சு. வாசல்படி ஏறியவர் யாராக இருந்தாலும் சாப்பிடாமல் உள்ளே உட்கார முடியாது. நல்ல விதி என்று எல்லாரும் பாராட்டினார்கள். நல்ல விதிதான். அதுதான் பிற்பாடு என்னைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குப்புறத் தள்ளியது.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு நடந்த கதை இது. வெள்ளிமலைப் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்தில் இரண்டு நாள் முகாம். மலை ஊர்களிலிருந்து கொஞ்சம் பேர், கீழேயிருந்து கொஞ்சம் பேர். ஆளுக்கு ஒரு குறும்படத் திரைக்கதை எழுத வேண்டும். அதில் ஒரு சாப்பாட்டுக் காட்சி கட்டாயம். இன்னொரு நிபந்தனை, கதையை இடைவேளை வரைக்கும்தான் எழுத வேண்டும். அது டைரக்டரின் முறை. நம் ஜனங்கள் இடைவேளையில் டீயும் பஜ்ஜியுமாக நின்றுகொண்டு, அடுத்து இன்ன மாதிரி ஆகும் பார் என்று சண்டை போட வேண்டும். அந்தச் சண்டை நடக்காத படம் தேறாது என்பார். அதனால் இரண்டாம் நாள் மதியம் ஒவ்வொருவரும் இடைவேளை வரை வாசித்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். வீட்டு ஆட்களும் அன்றைக்கு வரலாம்.

வந்தவர்களில் ஒரு பெண், ஜெயந்தி. வடக்கனந்தல். கள்ளக்குறிச்சியில் கோர்ட்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிற வேலை. அப்பா முருகேசன், அம்மா கோவிந்தம்மாள், இரண்டு பேரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். முதல் நாளே அவள் எழுத எடுத்துக்கொண்ட கதையை என்னிடம் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். இலை போட்டாயிற்று. சமையற்கட்டில் நிற்கிற பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்களில் டவுனில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சம்பந்தம் பேசப் போன வீட்டில் காபி குடிக்கலாம், மிக்சர் கொறிக்கலாம். பேச்சு முடிவாகாமல் இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சை மாற்றினால் மானம் போய்விடும்.

"எங்க அக்காவுக்கு இப்பிடித்தான் டீச்சர் ஆச்சு. கை நனைச்சிட்டாங்கன்னு சொன்னாங்க, அவ்ளோதான். அதுக்கப்புறம் அவளை ஆரும் கேக்கல" என்றாள்.

"அக்கா இப்போ எப்படி இருக்கா?"

"நல்லாதான் இருக்கா. ஆனா கேக்கல இல்ல. என்னையாவது கேக்கணும் டீச்சர். வேற ஒண்ணும் வேணாம்."

நன்றாக எழுது என்று சொல்லி முதுகில் தட்டிக்கொடுத்தேன். அவ்வளவு கேட்டவள்தான் நான். மறுநாள் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

இரண்டாம் நாள் சமையல்காரர் வரவில்லை. கீழே கல்யாண ஆர்டர் என்று போனில் கையை விரித்துவிட்டார். ஜெயந்தி தன் அம்மாவைச் சொன்னாள். கோவிந்தம்மாள் முருகேசனையும் கூட்டிக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் மலையேறி வந்து அடுப்பு மூட்டிவிட்டார். கத்திரிக்காய் சாம்பார், ரசம், அப்பளம், மலையில் விளைந்த சாமையில் வெல்லப் பாயசம். வாசனை கூடத்தைத் தாண்டிப் போயிற்று.

பந்தி ஆரம்பிக்கும் நேரத்தில் மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். ஒரு அம்மா, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர், ஒரு இளைஞன். முருகேசன் ஓடிப்போய் வரவேற்றார். யாரோ வீட்டு ஆட்கள் போலிருக்கிறது என்று நானும் போனேன்.

"வாங்க, உக்காருங்க, சாப்பிடலாம்" என்றேன்.

"வேணாங்க, வர்ற வழியிலதான் சாப்பிட்டோம்" என்றார் அந்த அம்மா.

"அதெல்லாம் முடியாது. எங்க கூட்டத்துல சாப்பிடாம யாரையும் விட மாட்டோம்."

"இல்லைங்க, இன்னொரு நாளைக்கு."

இன்னொரு நாள் என்கிற வார்த்தையைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் பாயில் உட்கார வைத்தேன். வெள்ளைச் சட்டைக்காரர் சிரித்துக்கொண்டே, "கூப்பிடறாங்க இல்ல, உக்காருக்கா" என்று தானே முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டார். பாயச வாளியோடு வந்த ஜெயந்தியை நான்தான் கூப்பிட்டேன். "ஜெயந்தி, இவங்களுக்கு நீயே கவனிச்சுப் போடும்மா." அவளும் போட்டாள். அந்த இளைஞன் இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கை கழுவுகிற இடத்தில் குட்டு உடைந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே முருகேசனிடம் சத்தமாகச் சொன்னார். "பொண்ணு கையால பாயசமும் சாப்ட்டாச்சு. அப்புறம் இன்னா? நாள் பாத்துடலாம்."

அவர் பையனின் தாய்மாமன். அந்த அம்மா பையனின் தாய். பையனுக்கு உளுந்தூர்பேட்டையில் ரோட்டோர ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர் வேலை. பெண் பார்க்க முறையாக வந்தால் செலவு, சொந்தக்காரர்கள் கூட்டம், நாலு பேர் வாய். இங்கே சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று முருகேசன் போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறார். ஜெயந்திக்கு ஒன்றும் தெரியாது. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளத்தான் அவரும் நினைத்திருந்தார். சாப்பாடு வரைக்கும் கொண்டுபோனது நான்.

ஜெயந்தி தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் காலி வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். நான் கிட்டே போனேன்.

"நீங்கதான டீச்சர் போடச் சொன்னீங்க" என்றாள்.

அவள் அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருப்பேன். இதற்கு என்ன சொல்வது? எத்தனை வருடமாகச் சாப்பாட்டுக் காட்சியைப் பற்றிப் பேசியிருக்கிறேன், கண்ணெதிரே நடந்ததைப் படிக்கத் தெரியவில்லை.

அடுத்து முருகேசன் ஓடிவந்தார். மகள் எழுதிய கதை என்னவென்று கோவிந்தம்மாள் சொல்லியிருக்கிறார். "டீச்சர், உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். அவளை மட்டும் படிக்கச் சொல்லாதீங்க. அவங்க உக்காந்துகினு இருக்காங்க. கோச்சிக்கினு எழுந்து போயிட்டாங்கன்னா ஊர்ல தல காட்ட முடியாது."

டைரக்டரும் என்னை ஓரமாக இழுத்தார். "கரண்ட் இல்ல, மைக் இல்லன்னு ஏதாவது சொல்லி அவ பேரை விட்டுடுவோம். இது சினிமா இல்ல டீச்சர். வாழ்க்கை."

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மூன்று வழி இருந்தது. நான் மேடையேறி, இந்தச் சாப்பாடு செல்லாது என்று தாய்மாமனிடம் சண்டைக்குப் போகலாம். நியாயம் என் பக்கம்தான். ஆனால் நாலு பேர் முன்னால் அவமானப்பட்ட அப்பாவோடு அந்தப் பெண்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டாவது, டைரக்டர் சொன்ன மாதிரி நைசாக விட்டுவிடலாம். அப்படி விட்டால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். மூன்றாவது வழி என்னவென்று எனக்கே அந்த நிமிடம் தெரியவில்லை. டைரக்டரின் பாடம்தான் ஞாபகம் வந்தது. இந்த சீன் யாருடையது? என்னுடையதா? அவளைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை, படி என்று தள்ளிவிடவும் உரிமையில்லை.

திரும்பவும் டிரம்முக்குப் பக்கத்தில் போனேன். "ஜெயந்தி, படிக்கறியா, வேணாமா? நீ எது சொன்னாலும் அதுதான். உங்க அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "படிக்கறேன்" என்றாள்.

படித்தாள். இலை போடுகிறார்கள். தண்ணீர் தெளிக்கிறார்கள். சோறு விழுகிறது. சமையற்கட்டுக் கதவிடுக்கில் பெண் நின்று மாப்பிள்ளையின் கையைப் பார்க்கிறாள். அந்தக் கை சோற்றுக்கு மேலே வந்து நிற்கிறது. இடைவேளை.

அவள் உட்கார்ந்துவிட்டாள். தாய்மாமன் மீசையைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார். முருகேசன் தலையைக் குனிந்துகொண்டார். டைரக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "அடுத்து என்ன நடக்கணும்?"

பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த பரோட்டா மாஸ்டர்தான் மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"அந்தப் பையன் கையை எடுத்துடணும் சார். உள்ள இருக்கற பொண்ணைக் கேட்டுட்டு வாங்கன்னு சொல்லணும். நானா இருந்தா பசிச்சாலும் எடுத்துடுவேன்."

பக்கத்திலிருந்த அவன் அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார். "நீயாடா? ரெண்டு வாட்டி பாயசம் வாங்கினியே."

கூடமே குலுங்கிச் சிரித்தது. அந்தப் பையனுக்குக் காது வரை சிவந்துபோயிற்று. "எனக்கு இன்னாம்மா தெரியும்? மலைக்கோயிலுக்குப் போறோம்னுதான கூட்டிகினு வந்தீங்க" என்றான். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஜெயந்தி அப்போதுதான் அவனை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் பேசிவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஜனங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது யாருக்கும் மானம் போகாது. நான் எழுந்தேன்.

"மாமா, ஒரு விஷயம். நீங்க சாப்பிட்டது பொண்ணு வூட்டுச் சோறு இல்ல. அது எங்க கூட்டத்துச் சோறு."

"அதெப்பிடிங்க? ஆக்கினது பொண்ணோட அம்மா, போட்டது பொண்ணு."

"அரிசி கூட்டத்துது, பருப்பு கூட்டத்துது. அவங்க வேணாம் வேணாம்னு சொல்ல, கையைப் புடிச்சி உக்கார வெச்சது நான். இந்தச் சோத்துக்குச் சம்பந்தம்னு வந்தா நீங்க எனக்குத்தான் சம்பந்தி. எனக்குப் பொண்ணும் இல்ல, புள்ளையும் இல்ல. இங்க கை நனைச்ச அத்தினி பேருக்கும் நான் எங்க போயி முறை செய்வேன்?"

தாய்மாமனும் சிரித்துவிட்டார். அவர் சிரிக்கவில்லையென்றால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பையனின் அம்மாதான் முடித்து வைத்தார். "டீச்சர் சொல்றதும் சரிதான். நாம இன்னும் அவங்க வூட்டு வாசப்படியே ஏறல. அந்தப் பொண்ணு வாங்கன்னு சொல்லட்டும், அப்ப ஏறுவோம்." பிறகு முருகேசனைப் பார்த்து, "பாயசம் நல்லா இருந்துச்சுண்ணா, அதுல ஒண்ணும் கொறையில்ல" என்றார்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டேன். டைரக்டர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஒரு கரடி மலையை விட்டு இறங்கி வந்து கரும்பு தின்கிற கதை அது. அவ்வளவு ரசித்து நான் ஒரு கரடிக் கதையைக் கேட்டதே இல்லை.

சாயங்காலம் வேனில் இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகளில் ஜெயந்தி தன் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். முருகேசன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அடிவாரம் வரும் வரைக்கும் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டே வந்தார். கோபம் என்றே நினைத்தேன். கடைசியில் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "பெரியவளையும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல, டீச்சர்."

"சின்னவளைக் கேட்டுட்டீங்க இல்ல" என்றேன். கேட்டது அவர் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் தலையை ஆட்டினார்.

அந்த விதியை நான் மாற்றவில்லை. சாப்பாடு போட்டுவிட்டுத்தான் பேச்சு, நீங்களும் மாற்றாதீர்கள். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொண்டேன். ஒருவர் வேண்டாம் என்றால் இன்னொரு தரம் கேளுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்த வேண்டாமுக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ யாருக்குத் தெரியும்? சிக்கலான ஒரு கதையை வாசிக்கவிடலாமா கூடாதா என்று பதறுகிற நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்கு அமைப்பின் பெயர், மேடையின் பெயர், உங்கள் பெயர் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, கதைக்குச் சொந்தக்காரரிடம் போய்க் கேளுங்கள். என்னிடம் வராதீர்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கத்தானே போகிறீர்கள்? ஜெயந்தி அவசரப்படவில்லை. பையனும் அவளும் போனில் பேசினார்கள். அவள் உளுந்தூர்பேட்டைக்கே போய் அவன் பரோட்டா வீசுவதைப் பார்த்துவிட்டு வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்றாள். தாய்மாமன் முறுக்கிக்கொண்டார், பிறகு இறங்கி வந்தார். மாதங்கள் போயின. ஒரு நாள் எனக்கு போன். "டீச்சர், ஞாயித்துக்கிழமை அவங்க எங்க வூட்டுக்கு வராங்க. நீங்களும் டைரக்டர் சாரும் வந்துடுங்க."

வடக்கனந்தலில் அவர்கள் வீட்டு முன்னறை சின்னது. ஒரே வரிசையாக உட்கார்ந்தோம். பையனுக்குப் பக்கத்தில் டைரக்டர், அவருக்குப் பக்கத்தில் நான். இலை போட்டார்கள். முருகேசன் சோறு போட்டார், ஜெயந்தியின் அக்கா சாம்பார் ஊற்றினாள். ஆவி பறந்தது. யாரும் கை வைக்கவில்லை. பையன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா சமையற்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா ஜெயந்தி, சாப்பிடலாமா?"

உள்ளேயிருந்து பதில் வரவில்லை. பாத்திரச் சத்தம்கூட நின்றுபோயிற்று. டைரக்டர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா சாம்பார்க் கரண்டியை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்து நின்றாள். எங்களையெல்லாம் ஜெயந்தி எவ்வளவு நேரம் காக்க வைத்தாளோ தெரியாது, எனக்கு அது ரொம்ப நேரமாகத்தான் இருந்தது.

"சாப்பிடுங்க" என்றாள் ஜெயந்தி, உள்ளேயிருந்து. "சோறு ஆறுது."

முதலில் கை வைத்தது நான்தான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் போயிருந்தேன்.